நாட்டு மரங்களை ஆராய உதவித்தொகை: எங்கே, எப்படிக் கேட்பது?

கடலூர் பக்கம் எம்.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவரின் கேள்வி இது: “எங்கள் ஊரைச் சுற்றி அய்யனார் கோயில் காடுகள் இருக்கின்றன. அங்குள்ள நாட்டு மரங்களைப் பற்றி பிஎச்.டி. செய்ய ஆசை. நாட்டுத் தாவரப் பாதுகாப்புக்கென்று தனியாக உதவித்தொகை ஏதாவது உண்டா? வெளிநாட்டு நிதி கிடைக்குமா? வீட்டில் பணம் கேட்கும் நிலையில் நான் இல்லை.”

நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயரிலேயே இணையத்தில் தேடினால் வருவதில் பாதிக்கு மேல் அமெரிக்காவைச் சேர்ந்தவையாக இருக்கும். அங்கே பல மாநிலங்களில் நாட்டுத் தாவரச் சங்கங்கள் உண்டு. 1965இல் தொடங்கிய கலிபோர்னியா சங்கம் போன்றவை மாணவர்களின் களப்பணிக்குப் பணம் கொடுக்கின்றன. ஆனால் அந்தந்த மாநிலத்துச் செடிகளை ஆராய்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் அது போய்ச் சேரும். உங்கள் ஊர் வீரை மரத்துக்கு அங்கிருந்து பணம் வராது. அந்தப் பட்டியல்களில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

நம்மிடமும் பணம் இருக்கிறது. வேறு பெயர்களில், வேறு வேறு கதவுகளுக்குப் பின்னால் இருக்கிறது. அதைத் தேடும் முன் இரண்டு வகைப் பணத்தைப் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். ஒன்று, நீங்கள் சாப்பிட்டு, வாடகை கொடுத்து, வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பி நான்கைந்து வருடம் ஓட்டுவதற்கான பணம். இன்னொன்று, ஆராய்ச்சி நடப்பதற்கான பணம்: பெட்ரோல், உள்ளூர் உதவியாளர் கூலி, கருவிகள், நாற்றுப்பை. இரண்டையும் ஒரே இடத்தில் கேட்டு இரண்டையும் இழக்கும் மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். களப்பணி நல்கை (கிராண்ட்) கொடுக்கும் அமைப்பிடம் கல்லூரிக் கட்டணம் கேட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

முதல் வகைக்கு நல்ல வழி சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வுதான். அதில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். பிறகு எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை) ஆனதும் 42,000 ரூபாய். 2023 ஜனவரி முதல் இதுதான் விகிதம். மொத்தம் ஐந்து ஆண்டுகள் வரை கிடைக்கும், வீட்டு வாடகைப்படி தனி. இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பணம் உங்கள் பெயரில் வருகிறது. எந்தச் செடி, எந்தக் காடு என்று அது கேட்பதில்லை. ஆய்வகத்தில் மரபணு பார்ப்பவருக்குக் கொடுக்கும் அதே தொகையை, கோயில் காட்டில் மரக்கன்று எண்ணப் போகிறவருக்கும் கொடுக்கிறது. நாட்டுத் தாவரத்துக்கென்று பெயர் வைக்காவிட்டாலும், அந்தத் துறைக்குக் கிடைக்கும் பெரிய உதவித்தொகை இதுதான் என்பேன்.

தாவரவியல் மாணவர்கள் பலர் நெட் தேர்வின் லைஃப் சயன்சஸ் தாளைப் பார்த்தே மிரண்டுவிடுகிறார்கள். மொத்தம் 13 அலகுகள். மூலக்கூறு உயிரியல், விலங்குச் செயலியல் எல்லாம் உள்ளே. சரி, வினாத்தாள் எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். 200 மதிப்பெண். ஏ பகுதியில் 20 கேள்வியில் 15, பி பகுதியில் 50இல் 35, சி பகுதியில் 75இல் 25 மட்டும் எழுதினால் போதும். சி பகுதியில் கேள்விக்கு 4 மதிப்பெண், ஆக மொத்த மதிப்பெண்ணில் பாதி அங்கே. தாவரச் செயலியல், உயிரினப் பன்மை, சூழலியல், பரிணாமம், பயன்பாட்டு உயிரியல் ஆகிய அலகுகளை ஆழமாகப் படித்தவருக்கு அந்த 25இல் பெரும்பகுதியைத் தேற்றிக்கொள்ள முடியும். களப்பணியில் நாட்டமுள்ள மாணவிக்கு இவை பிடித்த பாடங்களாகவே இருக்கும். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள் என்பதால் எல்லாவற்றையும் தொட வேண்டாம். ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு உண்டு. இறுதியாண்டில் இருக்கும்போதே எழுதலாம், தள்ளிப்போடாதீர்கள்.

நெட் ஒன்றையே நம்பி உட்கார வேண்டியதில்லை. எம்.எஸ்சி.யில் பல்கலைக்கழக முதலிடம் வாங்கினால் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் ஃபெலோஷிப்புக்குத் தேர்வு எழுதாமலேயே விண்ணப்பிக்கலாம். தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 25,000 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு. இதற்கான தேர்வை ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்துகிறது. அரசுக் கல்லூரிகளிலும் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் முழுநேர பிஎச்.டி. செய்பவர்களுக்கானது என்பதால், சேரும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை மனதில் வையுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் முழுநேர பிஎச்.டி. செய்தால் மாநில அரசு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் தரும் திட்டம் தனியாக உண்டு. எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கு மத்திய அரசின் தேசிய ஃபெலோஷிப்கள் இருக்கின்றன. உங்களுக்கு எது பொருந்தும் என்று நீங்கள் எழுதவில்லை. பொருந்துவது எதுவாக இருந்தாலும் சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் இப்போதே புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்த பிறகு தாலுகா ஆபீஸுக்கு அலைந்தால் கடைசித் தேதி போய்விடும்.

இன்னொரு வழியை மாணவர்கள் அதிகம் யோசிப்பதில்லை: ப்ராஜெக்ட் ஃபெலோ வேலை. கோயம்புத்தூரில் இந்தியத் தாவர ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. அதே ஊரில் வன மரபியல் மற்றும் மரப்பெருக்க நிறுவனம் இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் ஜவஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா என்று இன்னும் பல. இப்படிப்பட்ட இடங்களில் திட்டம் கிடைக்கும்போது ஆள் எடுப்பார்கள். அறிவிப்பு அவரவர் இணையதளத்தில் வரும், பல நேரம் வாக்-இன் நேர்காணல்தான். ஒன்றிரண்டு வருடம் சம்பளத்தோடு செடியை அடையாளம் காணப் பழகிக்கொள்ளலாம், அப்புறம் பிஎச்.டி.க்குப் பதிவு செய்யலாம். நெட் இன்னும் கைகூடாதவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

உதவித்தொகை மாதாமாதம் ஒன்றாம் தேதி வந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். காகிதம் ஒரு மேசையில் தங்கினால் மூன்று நான்கு மாதப் பணம் சேர்ந்து வருவது சகஜம். முதல் வருடத்துக்கு நண்பர்களிடம் கொஞ்சம் கைமாற்றுக்கு வழி வைத்துக்கொள்ளுங்கள். பணமில்லாத வீட்டுப் பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விடுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

இனி இரண்டாவது பணம். சி.எஸ்.ஐ.ஆர். உதவித்தொகை பெறும் ஃபெலோவுக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய் செலவுத்தொகை கிடைக்கும். ஊருக்குப் பக்கத்திலேயே காடு இருந்தால்கூட, வாரம் இரண்டு நாள் பெட்ரோலும் ஊர்க்காரர் ஒருவருக்குக் கூலியும் கொடுத்தால் அது சில மாதத்தில் கரைந்துவிடும். அதனால்தான் சிறு நல்கைகள் தேவைப்படுகின்றன.

நம் மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இங்கிலாந்தின் ரஃபர்ட் அறக்கட்டளை. வளரும் நாடுகளின் இளம் ஆய்வாளர்களுக்குச் சில ஆயிரம் பவுண்ட் அளவில் முதல் நல்கை தருகிறது. அதை ஒழுங்காகச் செய்து முடித்து அறிக்கை கொடுத்தால் இரண்டாவது, மூன்றாவது என்று தொடரலாம். இந்தியாவில் செடி கொடிகளுக்காக இதை வாங்கியவர்கள் நிறையப் பேர். அவர்களின் திட்ட விவரங்கள் அதன் தளத்திலேயே படிக்கக் கிடைக்கின்றன. விண்ணப்பிக்கும் முன் அவற்றை உட்கார்ந்து படியுங்கள். அவர்கள் தெளிவாகச் சொல்லும் விதி இரண்டு: பாதுகாப்புக்குப் பயன்படாத வெறும் ஆராய்ச்சிக்குப் பணம் இல்லை, படிப்புக் கட்டணத்துக்கும் பணம் இல்லை.

அபுதாபியின் முகமது பின் சயீத் நிதி ஓர் உயிரினத்துக்கு 25,000 டாலர் வரை தரும். ஆனால் அது அழிவின் விளிம்பில் உள்ள இனங்களுக்கானது. வீரை, பாலை போன்ற மரங்கள் அதில் நிற்காது. அகத்தியமலையில் மட்டும் வளரும் ஒரு செடியை ஆராயும் நண்பர் இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். வகைப்பாட்டியல் பக்கம் போவதாக இருந்தால் பன்னாட்டுத் தாவர வகைப்பாட்டியல் சங்கத்தின் சிறு நல்கைகள் உண்டு. ஐடியா வைல்ட் என்ற அமெரிக்க அமைப்பு பணமாகத் தராமல் கேமரா, ஜி.பி.எஸ். போன்ற கருவிகளாகத் தருகிறது. எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் மாணவர் திட்டத்தில் சிறு தொகை கிடைக்கும். தொகை சின்னதுதான். ஆனால் ‘ஏற்கெனவே ஒரு நல்கை வாங்கி முடித்தவர்’ என்ற வரி அடுத்த விண்ணப்பத்தில் நன்றாக வேலை செய்யும்.

வெளிநாட்டுப் பணத்தைச் சொந்தக் கணக்கில் வாங்கும் முன் ஓர் ஆடிட்டரிடமோ பல்கலைக்கழக நிதிப் பிரிவிலோ கேட்டுவிடுங்கள். வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் கல்வி உதவித்தொகைக்கு விலக்கு தருகிறது. உங்களுக்கு வருவது எந்த வகை என்று நல்கைக் கடிதத்தின் வாசகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

விண்ணப்பங்களைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலை எனக்கு அடிக்கடி வருகிறது. நல்ல மாணவர்கள் தோற்பது பெரும்பாலும் தலைப்பிலேயே. ‘தமிழ்நாட்டின் அரிய நாட்டுத் தாவரங்களின் பன்மையும் பாதுகாப்பும்’ என்று ஒரு ப்ரபோசல் (ஆய்வு முன்மொழிவு) வந்தால், படிப்பவருக்கு அதில் ஒரு செடிகூடக் கண்ணில் தெரியாது. அதையே ‘கடலூர் மாவட்டக் கோயில் காடுகளில் வீரை, பாலை, காசா மரங்கள் கன்று விட்டு வளர்கின்றனவா?’ என்று கேட்டுப் பாருங்கள். மூன்று மரம், ஒரு மாவட்டம், ஆம் அல்லது இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வி. பணம் கொடுப்பவருக்கு எதற்குக் கொடுக்கிறோம் என்று புரிந்துவிடும்.

உங்கள் ஊர் வீரையையே எடுத்துக்கொள்ளலாம். சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காடுகளில் முக்கியமான மரம் இது. முறுக்கேறிய, பள்ளம் பள்ளமான அடிமரத்தைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம். சிவந்த பழத்தை மனிதரும் தின்பார்கள், பறவைகளும் தின்னும். இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஒரு கோயில் காடு சுருங்கிச் சுருங்கி இரண்டு ஏக்கராகிவிட்டது என்று வையுங்கள். அதில் பத்து வீரை மரம் இருந்தால் பெண் மரம் எத்தனை? காய்ப்பு எவ்வளவு? விழுந்த விதை முளைக்கிறதா? முளைத்ததைக் கோயில் திருவிழாவுக்குத் தரையைச் சுத்தம் செய்யும்போது வெட்டிவிடுகிறார்களா, ஆடு தின்கிறதா? வெளியிலிருந்து பார்க்கும்போது காடு பச்சையாக, கம்பீரமாக நிற்கும். உள்ளே போனால் எல்லாம் கிழட்டு மரமாக, இளங்கன்றே இல்லாமல் இருக்கலாம். அப்படி இருந்தால் அந்தக் காட்டுக்கு எதிர்காலம் இல்லை என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பத்துக்குப் பத்து மீட்டர் சதுரம் போட நைலான் கயிறு, தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் மரத்தின் சுற்றளவை அளக்க ஒரு டேப், நாற்று, கன்று, மரம் என்று தனித்தனியாக எண்ணி எழுத ஒரு நோட்டு. பூக்கும் காலத்தில் திரும்பப் போய் எது ஆண், எது பெண் என்று பெயின்டில் குறி வைக்க வேண்டும். இந்த விவரங்களை அப்படியே ப்ரபோசலில் எழுதுங்கள். எழுதியவர் காட்டுக்குள் நின்றிருக்கிறார் என்பது அதில் தெரியும்.

இன்னொரு பெரிய பலம் உங்களிடம் இருக்கிறது. அது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உங்கள் பக்கத்துக் காடுகளை ஏற்கெனவே அளந்து வைத்திருக்கிறார்கள். திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் ஆகிய இரண்டு இடங்களின் தாவரக் கணக்கு 1997இல் கட்டுரையாக வெளிவந்தது. சோழமண்டலக் கரைக் காட்டில் 1992க்கும் 2002க்கும் இடையே மரங்கள் எப்படி மாறின என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பழைய கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு இன்று அதே காட்டில் நின்றால், முப்பது வருட மாற்றத்தை உங்களால் சொல்ல முடியும். இப்படி ஓர் அடிப்படைக் கணக்கு இல்லாமல் தவிக்கும் மாணவர்கள் ஆயிரம் பேர். முதலில் அந்தக் கட்டுரைகளைத் தேடிப் படியுங்கள். முடிந்தால் அந்தத் துறையிலேயே கைடு தேடுங்கள்.

பாதுகாப்புக்குப் பணம் தரும் எந்த அமைப்பும் கடைசியில் ஒன்று கேட்கும்: ஆய்வு முடிந்ததும் அந்த மரத்துக்கு என்ன ஆகும்? ‘விழிப்புணர்வு ஏற்படுத்தப்படும்’ என்று எழுதாதீர்கள், எல்லோரும் எழுதுவது அது. எந்த ஊரில், யாரோடு, எத்தனை நாற்று வளர்க்கப் போகிறீர்கள், திருவிழாச் சுத்தத்தின்போது கன்றுகளை விட்டுவைக்கப் பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் எப்படிப் பேசுவீர்கள் என்று எழுதுங்கள். ஊர் நிர்வாகம் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட ஒரு தாள் தமிழிலேயே இருந்தாலும் இணைத்து அனுப்புங்கள். நூறு நாள் வேலை ஆட்கள் காட்டு ஓரத்தில் எதை வெட்டுகிறார்கள், எதை விடுகிறார்கள் என்பதுகூட உங்கள் ஆய்வுக்குள் வரும் விஷயம்தான்.

மாதிரி சேகரிக்கும் பழக்கத்தையும் இப்போதே தொடங்குங்கள். பூவோ காயோ உள்ள கிளையைச் செய்தித்தாளுக்குள் விரித்து, அழுத்துப் பலகையில் வைத்துக் கட்டி, தினமும் தாள் மாற்றி உலர்த்தினால் நல்ல மாதிரி கிடைக்கும். உலர்ந்த தாவர மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் காப்பகங்களான கோயம்புத்தூரின் மெட்ராஸ் ஹெர்பேரியத்திலோ திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்திலோ கொண்டுபோய் ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களுக்கு அருட்தந்தை கே. எம். மேத்யூ செய்த பெரும்பணி அந்தத் திருச்சி ஹெர்பேரியத்தில்தான் நடந்தது. பெயர் சரியாக இருந்தால்தான் மற்ற எல்லாக் கணக்கும் சரியாக இருக்கும். அந்த இடங்களில் உங்களைப் பார்த்துப் பழகியவர்களிடமிருந்து பரிந்துரைக் கடிதமும் வாங்கலாம். சின்ன நல்கைக்குக்கூட இரண்டு மூன்று பரிந்துரை கேட்பார்கள்.

அனுமதி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். கோயில் காடு சில இடங்களில் அறநிலையத் துறையின்கீழ் இருக்கும், சில இடங்களில் புறம்போக்கு, சில இடங்களில் வனத்துறை. யாருடையது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சரணாலயத்துக்குள் போவதானால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி தலைமை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அதற்குப் பல மாதம் ஆகலாம், நல்கையின் காலக்கெடுவில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே சட்டத்தில் பறிக்கவே கூடாத செடிகளின் பட்டியலும் உண்டு, ஆராய்ச்சிக்குக்கூட முன் அனுமதி வேண்டும். டி.என்.ஏ. ஆய்வுக்காக இலையையோ விதையையோ வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் சென்னை தரமணியில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் படிக்காமல் ஒரு கவர்கூட அனுப்பக் கூடாது.

வெளிநாட்டில் படிப்பது பற்றியும் கேட்டிருக்கலாம் என்று நினைக்கிறேன். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகம் கியூ தாவரவியல் பூங்காவோடு சேர்ந்து தாவர வகைப்பாடும் பாதுகாப்பும் குறித்த முதுநிலைப் படிப்பு நடத்துகிறது. காமன்வெல்த் உதவித்தொகை போன்றவற்றுக்கு முயலலாம். தாவரவியலாளர் ஈ. கே. ஜானகி அம்மாளின் வாழ்க்கை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர், ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் போய் 1931இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை பார்த்தார். முதிய வயதில் சைலன்ட் வேலி காட்டைக் காக்கும் இயக்கத்தில் நின்றார். சரியான வயதில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த உதவித்தொகை எத்தனை காலம் பயன் தந்தது பாருங்கள். ஆனாலும் கோயில் காடுதான் உங்கள் ஆசை என்றால், பிஎச்.டி.யை இங்கே செய்துவிட்டு அதற்கு மேற்பட்ட ஆய்வுக்கு வெளியே போவதே மேல். வருடம் முழுக்கப் பூவையும் காயையும் பார்க்க வேண்டிய ஆய்வை லண்டனில் இருந்துகொண்டு செய்ய முடியாது.

வீட்டில் ‘இதைப் படித்தால் வேலை கிடைக்குமா’ என்று கேட்பார்கள். உதவிப் பேராசிரியர், தாவர ஆய்வக விஞ்ஞானி என்ற வழக்கமான வழிகள் உண்டு, இடங்கள் குறைவு. ஆனால் தமிழ்நாடு அரசு 2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கி, வனமும் மரமும் உள்ள பரப்பை 33 விழுக்காடாக்க இலக்கு வைத்திருக்கிறது. எந்த மண்ணில் எந்த நாட்டு மரம், விதை எப்போது எடுப்பது, எப்படி முளைக்க வைப்பது என்று தெரிந்தவர்கள் நாற்றங்கால்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இன்று மிகக் குறைவு.

இந்த மாதம் மூன்று வேலை செய்யுங்கள்: நெட் விண்ணப்பத் தேதியைப் பார்த்து வையுங்கள், அந்த 1997 கட்டுரையை எடுத்துப் படியுங்கள், பக்கத்துக் கோயில் காட்டில் ஒரே ஒரு சதுரம் போட்டு எண்ணிப் பாருங்கள். எண்ணிய கணக்கை எனக்கு அனுப்பினால், ப்ரபோசலின் முதல் பக்கத்தைச் சேர்ந்தே எழுதலாம்.